சாம்பலில் இல்லாத கல்

செங்கடலில் கப்பல்கள் மேல் ஏவுகணை விழுகிற காலத்தில், அந்த வழியாகப் போகும் கப்பலில் இஞ்சின் வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான் பிரவின். ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி ஆக்சிலியா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை என்றதும் அந்தக் குடும்பத்துக் கல்லிலேயே கைவைத்தாள்.

அது என்ன கல் என்று சொல்லிவிட வேண்டும். பிரவினின் மூதாதை பிரெஞ்சுக் கப்பலில் காரைக்காலுக்கு வந்த பிரெத்தோன். பிரான்சின் மேற்குக் கடலோரத்துக் கெல்ட்டியப் பழங்குடியைச் சேர்ந்தவன். அவர்கள் மண்ணை ரோமாபுரிப் படை பிடித்தது, பிறகு பிரெஞ்சு ராஜா பிடித்தார். கிறிஸ்தவச் சாமியார்கள் வந்து, நெருப்பைக் கும்பிடுவது சாத்தான் வேலை என்றார்கள். அந்த ஜனம் லேசுப்பட்டதா? நெருப்புக்கு யோவான் என்கிற அருளப்பர் பெயரை வைத்துவிட்டுப் பழையபடியே மூட்டியது. இன்றும் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில், பிரவின் வீட்டுக் கொல்லையில், அருளப்பர் திருநாள் மாலையில் ஆளுக்கொரு கல்லில் அடையாளம் கீறுவார்கள். மருமகள் அவற்றை நெருப்பில் போடுவாள். விடிந்து சாம்பலைக் கிளறும்போது யார் கல் இல்லையோ, அவர் அடுத்த திருநாளைப் பார்க்க மாட்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஆக்சிலியாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. புருஷனுக்கு இருந்தது, அது போதும் அவளுக்கு. அவன் கல்லை மட்டும் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். சாவுக்குப் பயந்தவன் கப்பல் ஏறுவானா என்பது அவள் கணக்கு.

காலையில் மாமனார் அடைக்கலராஜ் சாம்பலைக் கிளறினார். மூன்று கல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மறுபடியும் கிளறினார், பிரவின் கல்லைக் காணோம். பிரவின் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, அடுத்த வாரம் கிளம்ப வேண்டியவன் அப்போதே வண்டிக்குச் சொன்னான்.

ஆக்சிலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று மாமனாரைக் கேட்டாள். கல் போனவன் வீட்டில் தங்கக் கூடாதாம். அவனைத் தேடி வரும் சாவு அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் இளம் உயிரையும் சேர்த்துக் கொண்டுபோகுமாம். வழக்கத்தில் பாதியைத்தான் பாவி அவள் கேட்டு வைத்திருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது.

முடிச்சை அவிழ்த்துக் கல்லை நீட்டினாள். "நாந்தாங்க எடுத்தேன். நெருப்புல போடவே இல்ல. மாதா மேல ஆணையா சொல்றேன்."

அடைக்கலராஜ் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியால் கீறிய ஒரு சிலுவை. யார் வேண்டுமானாலும் கீறலாம். கரிப்பொட்டு ஒன்றுகூட இல்லை.

"எங்க அண்ணன் கல்லு காணாம போனப்ப, அண்ணியும் இப்படித்தாம்மா ஒரு கல்லக் கொண்டாந்து காட்டுச்சு," என்றார்.

அவள் வாசற்படியை மறித்து நின்றாள். பிரவின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டு நிறுத்தியிருப்பாள்.

"இந்தத் தடவ போக வேணாம்னுதான் நேத்து முடிவு பண்ணியிருந்தேன், ஆக்சி," என்றான். "இனிமே எப்படி இருக்கறது? பிள்ளைய நெனச்சுப் பாரு."

நடந்ததை நடந்தபடி அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டு, அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, வண்டியில் ஏறினான்.