நம்பர் கேட்டு வந்தவர்

வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் தகடு இளகி வருகிற நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் உள்ளே வந்தார். இளகிய தகட்டைக் கையின் மேல் வைத்து, இறுகுவதற்குள் அழுத்தி வளைத்துவிட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. "பிசியோ கிளினிக் இதானே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் அவ்வளவு பெரிய போர்டு தொங்குகிறது. ஆக்குபேஷனல் தெரபி என்று தமிழில், தெலுங்கில், இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதின பெயிண்டரே "அப்போ இன்னா மேடம், பிசியோதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்கினான். வடமாலபேட்டையில் நான் பிசியோ மேடம். சர்ச்சில் "கையி காலு டாக்டரம்மா". என் பெயர் தபிதா என்பது கரண்ட் பில்லுக்கு மட்டும் தெரியும்.

"உக்காருங்க சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தகட்டை எடுத்து சுனிலின் கையில் வைத்தேன். வந்தவர் உட்காரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். வாசலில் அரசாங்க ஜீப். சரி, இன்ஸ்பெக்ஷனும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அப்போது என் கைக்குள் இருந்தது சுனிலின் கை. அதை விட முடியாது.

சுனிலுக்குப் பிச்சாட்டூர் பக்கம். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போன் தயாரிக்கிற இடம். கண்ணுக்குத் தெரியாத திருகுகளை இரண்டு விரலால் எடுத்துப் பொருத்துகிற வேலை. வீட்டுக் கூரைக்கு ஷீட் ஏற்றும்போது ஒன்று சறுக்கியது. பிடிக்கப் போய் வலது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். மோதிர விரலை மடக்குகிற நரம்பு இரண்டும் போயிற்று. நரம்பு என்று நம் ஜனங்கள் சொல்வது. உண்மையில் அது தசையை விரலோடு கட்டியிருக்கிற நாண், கயிறு மாதிரி. திருப்பதியில் ஆபரேஷன் செய்து தைத்த டாக்டர் என்னிடம் அனுப்பி வைத்தார். தையல் போட்ட நாண் ஒட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அசைக்காமல் விட்டால் சுற்றியிருக்கிற சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் கட்டையாகிவிடும். அவனாகப் பலம் கொடுத்து மடக்கினாலோ தையல் பிய்ந்துவிடும். அதனால் மணிக்கட்டை வளைத்து இந்தத் தகட்டில் ஒரு ஸ்பிளின்ட். விரல் நகத்தில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து ரப்பர் பேண்ட். விரலை அவன் நீட்டலாம், ரப்பர் பேண்ட்தான் மடக்க வேண்டும். அவன் மடக்கவே கூடாது. சொல்வதற்கு இரண்டு வரி. ஒரு மனுஷன் இருபத்தி நாலு மணி நேரமும் தன் கையைத் தானே நம்பாமல் இருப்பது என்றால் சும்மாவா?

சுனில் இருந்தான். நான் பார்த்த நோயாளிகளில் இவனைப் போல் சொன்ன பேச்சு கேட்டவன் கிடையாது. "மேடம், தூக்கத்துல மடக்கிடுவேனோன்னு தரணிய பாத்துக்கினே இருன்னு சொல்லிட்டேன். அவ தூங்காம என்ன பாத்துக்கினு இருக்கா, நான் தூங்காம அவள பாத்துக்கினு இருக்கேன்" என்பான். தரணி அவன் மனைவி. சோறு ஊட்டுவதிலிருந்து சட்டைப் பொத்தான் வரை எல்லாம் அவள்தான். வீக்கம் வற்றி ஸ்பிளின்ட் லொடலொடவென்று ஆகிவிட்டதால் அன்றைக்குப் புதிதாகச் செய்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் தாண்டிவிட்டால் மெல்ல மெல்ல அவனையே மடக்கச் சொல்லலாம். கம்பெனியில் அதுவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கே ஆசையாக இருந்தது, அந்த விரல் முதல்முறை தானாக மடங்குவதைப் பார்க்க.

தகடு இறுகி, வெல்க்ரோ பட்டையெல்லாம் போட்டு முடித்துத் திரும்பினேன். வந்தவர் பெயர் யஸ்வந்த். மாவட்ட சுகாதார ஆபீஸிலிருந்து. சின்ன வயசு, மரியாதையான ஆள், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். "தப்பா அனுக்கோவத்து மேடம், கோச்சுக்காதீங்க. ஃபிர்யாது வந்திருக்கு, கம்ப்ளெய்ன்ட்டு. தகுதி இல்லாத ஆளு டாக்டர்னு சொல்லிக்கினு வைத்தியம் பாக்கறாங்கன்னு. மீ ஸ்டேட் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் செப்பண்டி, எழுதிக்கினு போயிட்றேன்" என்றார்.

சிரிப்புதான் வந்தது. நம்பர்! அதற்காக நான் அலைந்த அலைச்சலை எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்களுக்கும் டாக்டர், நர்ஸ் மாதிரி பதிவு வேண்டும் என்று டெல்லியில் சட்டம் வந்தபோது கிளினிக்கில் லட்டு வாங்கிக் கொடுத்தவள் நான். யார் வேண்டுமானாலும் யார் கையையும் பிடித்து இழுக்கலாம் என்று இருக்கிற ஊரில் ஒரு நம்பர் வந்தால் நல்லதுதானே? பதிவு செய்ய விஜயவாடா போனேன். ஒரு ஆபீஸில் உங்கள் படிப்பு எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். இன்னொன்றில் உங்களுக்கென்று கவுன்சில் வரும், வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். படித்தது வேலூரில்தானே என்று சென்னைக்குப் போனால், தொழில் செய்வது ஆந்திராவில்தானே, அங்கே போய்க் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள், விஜயவாடாவில் ஒருத்தர் உட்காரக்கூடச் சொன்னார். பதிவு இல்லாமல் தொழில் செய்யக்கூடாதாம். பதிவு செய்கிற இடம் எங்கே என்றுதான் ஒருவருக்கும் தெரியாதாம். என்ன நியாயமோ!

சித்தூரில் பிசியோதெரபி சென்டர் வைத்திருக்கிற என் சித்தப்பா மகன் பென்னி எப்போதோ சொன்னான். "ஏன்க்கா வீம்பு? என் சென்டரோட பிராஞ்சுன்னு போர்டு மாத்திக்க. எவன் வந்து கேக்கப்போறான்?" நான் மாட்டேன் என்றேன். அவன் படிப்பு அவனுக்கு, என் படிப்பு எனக்கு. நாலரை வருஷம் நான் படித்ததற்குப் பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரிலேயே சோறு தின்ன வேண்டும் என்று எனக்கு ஆசை.

இதையெல்லாம் யஸ்வந்திடம் கொட்டினேன். பாவம், அவரும் கேட்டார். "எனக்குப் புரியுது மேடம். எங்க அம்மா நகரி பக்கம், எனக்குத் தமிழ் நல்லாவே புரியும். ஆனா நான் போய் இன்னா எழுதறது? நம்பர் இல்லன்னு எழுதினா மூடச் சொல்லிருவாங்க. வேற ஏதாச்சும் ருஜுவு காட்டுங்க. படிச்ச சர்டிஃபிகேட், சங்கத்துல மெம்பர் கார்டு, இன்னா இருந்தாலும் ஒரிஜினல் காட்டுங்க. நல்லவிதமா எழுதப் பாக்கறேன்."

"மூடறதா?" என்று கேட்டது சுனில். அதுவரை அவன் அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். "மூடிட்டா என் கை?"

"ஒண்ணும் ஆகாது, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனேன். பீரோவின் மேல் தட்டில், குழந்தைகளுக்கான ஊஞ்சல் கயிற்றுக்கும் பழைய ஸ்பிளின்ட் துண்டுகளுக்கும் அடியில் இருந்தது ஃபைல். இழுத்தபோது எல்லாம் தலையில் கொட்டியது. திட்டிக்கொண்டே குனிந்து பொறுக்கினேன். வெளியே யஸ்வந்த் குரல் கேட்டது, வெறும் பேச்சுத் துணைக்குக் கேட்கிற குரல். "இன்னா தம்பி, மேடம் பாத்ததுல உனக்குக் குணமாச்சா?" சுனில் ஏதோ சொன்னான். "அப்படியா? ஏதி, சூப்பிஞ்சு, காட்டு பாப்போம்."

வெல்க்ரோ பிரிகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஃபைலோடு நான் நிலைப்படிக்கு வருவதற்குள் ஸ்பிளின்ட் மேஜை மேல் கிடந்தது. சுனில் எழுந்து நின்று, வலது கையை யஸ்வந்தின் முகத்துக்கு நேரே நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முஷ்டி பிடித்தான். இறுக்கி, முழு பலத்தோடு. "டேய்!" என்று கத்திவிட்டேன். வாழ்நாளில் எந்த நோயாளியையும் நான் டேய் என்றதில்லை. அவன் பயந்துபோய்க் கையை விரித்தான்.

"பரவால்ல மேடம், நான்தான் காட்டச் சொன்னேன்" என்று யஸ்வந்த் சிரித்தார். "சூப்பரா புடிக்கிறான். ஆபரேஷன் பண்ண கைன்னு சொன்னா நம்பவே முடியல." என் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினார். மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார். "படிப்பு இருக்கு. பேஷண்ட்ட நேர்ல பாத்தேன், நல்ல குணம் தெரியுது. கவுன்சில் வர வரைக்கும் நடத்திக்கட்டும்னு சிபாரிசு பண்றேன். எங்க சார் நான் எழுதினா ஒத்துக்குவாரு. கவலைப்படாதீங்க."

இத்தனை வருஷத்தில் எந்த ஆபீஸிலும் எனக்குக் கிடைக்காத வார்த்தை அது. நான் சுனிலின் எதிரே உட்கார்ந்து அவன் கையை எடுத்தேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"ஏன் கழட்டின?" என்றேன் மெதுவாக.

"பேப்பர் இல்லன்னாங்களே மேடம். அப்போ கையதான காட்டணும்?" அவன் முகமெல்லாம் சந்தோஷம். "ஒண்ணும் ஆவல மேடம். டப்புனு உள்ள ஒரு சத்தம். புடிச்சிக்கினு இருந்தது விட்டுக்கிச்சி போல. இப்போ ஃப்ரீயா இருக்குது."

அவன் மோதிர விரலின் நடு எலும்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "நுனிய மட்டும் லேசா மடக்கு. லேசா" என்றேன். நுனி அசையவில்லை. முழு விரலையும் விட்டு "இப்ப" என்றேன். மற்ற மூன்று விரல்களும் மெல்ல உள்ளே வளைந்தன. மோதிர விரல் நீட்டினபடியே நின்றது.

யஸ்வந்தின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பக்கம்கூட இருக்காது. எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். அப்புறம் சொல்லலாமே என்று எனக்குள் ஒன்று சொன்னது. பத்து நிமிஷத்தில் நாண் எங்கேயும் ஓடிவிடாது. கிளினிக் இருந்தால்தானே இவனுக்கும் நல்லது, ரெண்டாவது ஆபரேஷன் முடிந்து இவன் எங்கே வருவான்? காலையில் பயிற்சிக்கு வருகிற குழந்தைகள் எங்கே போவார்கள்? எல்லாம் சரியான பேச்சுதான். அவ்வளவு சரியாக இருந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது. நல்ல குணம் தெரியுது என்று எழுதுகிறார், அந்தக் கையைப் பார்த்து. அந்தப் பொய்க் காகிதத்தின் பேரில் என் போர்டு தொங்குவதாக இருந்தால், பென்னியின் போர்டையே மாட்டியிருக்கலாமே நான்!

"சார், எழுதாதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"நரம்பு அறுந்துபோச்சி. இப்பதான். அவன் முஷ்டி புடிச்சப்போ."

"ஏமி மேடம்? மடக்கினானே, நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தீங்க. அதுலதான் போச்சி. உடனே திருப்பதி போகணும், அந்த டாக்டர்கிட்டயே. சீக்கிரம் போனா மறுபடி தைக்க முடியலாம். உங்க ஜீப் வேணும்."

யஸ்வந்த் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடக்கூட இல்லயே மேடம். சும்மா காட்டுன்னுதானே சொன்னேன்." கத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? இவரையா? விஜயவாடாவில் உட்காரச் சொன்ன அந்த நல்ல மனுஷரையா? பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த என்னையா? போனை எடுத்து திருப்பதி டாக்டரின் நம்பரைத் தேடினேன். அவசரத்தில் வேறு யாருக்கோ போயிற்று. கட் பண்ணிவிட்டு மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்போ இதுல இன்னா எழுதறது மேடம்?" என்றார் யஸ்வந்த், பாதி நிரம்பிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. கேலி இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. "நடந்தத எழுதினா மூடிருவாங்க."

சுனில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். இடது கையால் மோதிர விரலைப் பிடித்து உள்ளங்கை வரை மடக்கி வைத்தான். விட்டான். விரல் மெல்ல எழுந்து நேராக நின்றது. மறுபடி மடக்கினான், இந்த முறை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தான்.

"எழுதிராத சார்" என்றான், விரலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நிமிஷம் இரு. இப்போ மடங்கும்."