நாலு பேர் கொண்ட குழு

வெந்நீரில் நனைத்த துணியால் மகனின் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பிடித்திருந்துவிட்டு, துடைத்து, கைபேசியின் மேல் மறுபடியும் அழுத்தினாள் சிஸ்டரம்மா. கைபேசி லேசாக அதிர்ந்தது. இந்த முறையும் அது அவனை ஏற்றுக்கொள்ளவில்லை.

“தோல் காஞ்சு போச்சும்மா. நான் யாருன்னு அதுக்குத் தெரியல.”

“பேசாத. மூச்சு வாங்குது பாரு.”

சிஸ்டரம்மா என்பது தெரு வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த தம்பிகூட விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிடுவார். அவளை அம்மா என்று கூப்பிட இந்த ஒருவன்தான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. வயிற்றில் வந்த கட்டி கல்லீரலுக்கு ஏறிய பிறகு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காலையில் போர்வையை விலக்கியபோது அவன் பாதங்களைப் பார்த்தாள். விரல் நுனிகள் நீலம் பாய்ந்து, முட்டிவரை தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. இதே பாதங்களை எத்தனையோ கட்டில்களில் பார்த்தவள். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, யாராவது வரணும்னா வரச் சொல்லிடுங்க என்பாள். இன்றைக்கு அதைச் சொல்ல எதிரில் யாரும் இல்லை. போர்வையை இழுத்து மூடினாள்.

“ஊசி இப்ப வேண்டாம்மா,” என்றான் அவன். “போட்டா வாய் குழறுது. மீட்டிங் முடியட்டும்.”

“வலி தாங்குவியா?”

“தாங்கிக்கிறேன். இன்னைக்கு ஒப்படைச்சிட்டா முடிஞ்சுது.”

ஒப்படைக்க வேண்டியவை அவன் எழுதிய நிரல்கள். பேக்கேஜ் என்பான். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். தேதியையும் நேரத்தையும் சரியாகப் புரிந்துகொள்வது ஒன்றின் வேலை. பழைய கோப்புகளில் சிதைந்துபோன எழுத்துகளைத் தேற்றுவது இன்னொன்று. “உன் ஆஸ்பத்திரி டோக்கன்ல நேரம் அடிச்சு வருதே, அதுக்குள்ள என்னோடது ஒரு துண்டு இருக்கு,” என்று ஒருமுறை சொன்னான். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் டோக்கனை வாங்கி அவள் திருப்பித் திருப்பிப் பார்த்ததை அவனிடம் சொன்னதில்லை.

அவளுடைய அந்தத் தம்பி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர், ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தார். காசு வருவதில்லை என்று தெரிந்ததும், “ஊர்ல கல்யாணம், மார்ல சந்தனம்” என்று ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் சும்மா போகவுமில்லை. நிரலில் ஏதாவது உடைந்தால், எங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் வேலைக்காரனை அதட்டுவதுபோல எழுதுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால், “இதோம்மா, யாரோ மாட்டிக்கிட்டாங்க,” என்பான். தட்டில் சோறு காய்ந்து ஒட்டிக் கிடக்கும்.

கட்டைவிரலை அவள் தன் கன்னத்தில் வைத்துச் சூடேற்றினாள். இந்த முறை கைபேசி திறந்தது. மடிக்கணினியில் அவன் கணக்கைத் திறக்கும் எண் அதில்தான் வரும்.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைபோல அவன் மடிமேல் நிறுத்தி, தலையணையை முதுகுக்குக் கொடுத்தாள். திரையில் நாலு சதுரங்கள். ஒன்றில் கல்லூரியில் பாடம் நடத்தும் பெண். ஒன்றில் டை கட்டிய கம்பெனிக்காரர். இன்னொன்றில் தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நாலாவது சதுரம் வெறும் கறுப்பு. முகத்தையும் காட்டவில்லை, குரலையும் காட்டவில்லை. இவர்கள்தான் டீம். ஒரு ஆள் சுமந்ததை நாலு பேர் சுமந்தால் பாரம் தெரியாது என்று மாதக்கணக்கில் கெஞ்சிச் சேர்த்திருந்தான்.

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். எது எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் எது சரியும், யார் அடிக்கடி கோபமாக எழுதுவார்கள், அவர்களுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும். இடையிடையே கண்ணை மூடிப் பல்லைக் கடித்தான். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சிஸ்டரம்மா கட்டிலோரம் நின்று கேட்டாள். வார்டில் இரவு ஷிஃப்டு பகல் ஷிஃப்டிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது கட்டில் கட்டிலாக நடப்பார்கள். வருகிறவள் கேள்வி கேட்பாள். தலையை மட்டும் ஆட்டுகிறவளை நம்பி விட்டுவிட்டுப் போனால் வீட்டுக்குப் போயும் தூக்கம் வராது. இங்கே முகம் தெரிந்த மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார். “ஒரு சந்தேகம். ரொம்பப் பழைய தேதி சிலது ஒருநாள் பின்னால போகுது. தப்பு மாதிரி தெரியுது. திருத்தாம ஏன் விட்டு வச்சீங்க?”

மகனின் முகம் மலர்ந்தது. முதுகைக்கூட நிமிர்த்தினான். “நல்ல வேளை கேட்டீங்க. அது தப்புதான். ஆனா அந்தத் தப்ப நம்பியே நிறைய பேர் கட்டிட்டாங்க. இப்பத் திருத்தினா அவங்களுக்கெல்லாம் உடையும். அத மட்டும் தொடாதீங்க.”

“தொட மாட்டேன்.”

ஊசி போடாமல் அவன் தெளிவாக இருந்த அந்த ஒரு மணி நேரம் அப்படியே போனது. அவளுக்கு அதில் பெரிதாக ஆசை ஒன்றும் இருந்திருக்கவில்லை. வலியில்லாமல், மயக்கமில்லாமல் அவன் கொஞ்ச நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தாள்.

கடைசியில் பொறுப்பாளர் பட்டியலிலிருந்து தன்னை நீக்கும் இடத்துக்கு வந்தான். நீக்கினால் மறுபடி உள்ளே வர முடியாது, நிச்சயமாகவா என்று திரை கேட்டது. அவன் விரல் சரியான இடத்தில் விழாமல் எங்கெங்கோ போனது.

“அம்மா, நீ அழுத்து.”

அவள் அழுத்தினாள். திரையில் முகம் தெரிந்த மூன்று பேரும் மெதுவாகக் கை தட்டினார்கள். தட்டலாமா கூடாதா என்று தெரியாத கைதட்டல். ஒவ்வொரு சதுரமாக மறைந்தது.

ஊசி போட்டாள். மருந்து ஏற ஏற அவன் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. கண் பாதி செருகிய நிலையில் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

“அந்தத் தேதி விஷயம்… அவருக்குப் புரிஞ்சுதுல்ல?”

“புரிஞ்சுதுப்பா. நல்லாப் புரிஞ்சுது.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. பகல் சாயும் நேரத்தில் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. ஒரு இடைவெளிக்குப் பிறகு வரவில்லை. பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். சொன்னால் எழுதிக்கொள்ள எதிரில் ஒருவரும் நிற்கவில்லை.

தம்பி ஓடி வந்தபோது அவள் மகனின் கண்களை மூடி, தாடையைக் கட்டி, கால்களை நீட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீ விடு. நான் பாத்துக்கிறேன்.”

“உனக்குத் தெரியாது. விடு.”

முடிச்சைச் சரியாகத்தான் போட்டாள். போட்டுவிட்டு அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்க அவளால் முடியவில்லை. தம்பிதான் விரல் விரலாகப் பிரித்தார்.

மறுநாள் தகனம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, வாசலில் ஒரு மனிதர் தோள்பையோடு தயங்கி நின்றார். தடித்த கண்ணாடி. சிஸ்டரம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். சேதி கேட்டு விடியும் முன்பே கிளம்பி, பஸ் மாறி மாறி வந்தாராம். அப்படியும் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

“உள்ள வாங்க. மத்த மூணு பேரும் சொல்லி அனுப்பினாங்களா?” என்று கேட்டாள். நாலு பேர் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றியபடி, நிமிராமல் பதில் சொன்னார். “டீச்சரம்மாவுக்கு வேலை ஜாஸ்தியாம், முடியாதுன்னு காலைல எழுதிட்டாங்க. இன்னொருத்தருக்கு அவர் கம்பெனில அனுமதி கொடுக்கல. கேமரா போடாம இருந்தவர் ஒண்ணுமே சொல்லல. அவர் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா.”

“அப்ப?”

“நான் இருக்கேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். நகம் சதைவரை கடிக்கப்பட்டிருந்தது. சட்டையின் மேல் பொத்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் நேற்று வந்ததல்ல.

“வீட்ல யாரு இருக்காங்க?”

“நான் மட்டும்தாம்மா.”

தம்பி நீட்டிய டீயை அவர் வாங்கிக் கீழே வைத்தார். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். “மன்னிச்சுக்கோங்க. காலைலேர்ந்து ஒண்ணு உடைஞ்சு கிடக்கு. புது டீம் வந்தாச்சுன்னு அறிவிச்சதும் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. கொஞ்ச நேரத்துல முடிச்சிடுவேன்.”

“எழவு வீட்ல வந்து…” என்று தம்பி முணுமுணுத்தார். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

கண்ணாடிக்காரர் எதிரில் போய் உட்கார்ந்தாள். “தம்பி, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? நீங்களும் விட்டுடுங்க.”

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

“என் புள்ள போயிட்டான். அவனுக்கு இனிமே தெரியப்போறது இல்ல. நீங்க விட்டா யாரும் உங்களத் தூக்கில போட மாட்டாங்க.”

“நெஜந்தான்மா,” என்றார் அவர். “அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேனே.”

அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராத வார்டில் அவளும் நின்றிருக்கிறாள். விட்டுவிட்டுப் போ என்று அவளிடமும் சொன்னார்கள்.

அவர் மறுபடி தட்டத் தொடங்கினார். டீயின் மேல் ஆடை படிந்தது. “குடிச்சிட்டுப் பாருங்க” என்றதற்கு, “இதோம்மா” என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சன்னல் வழியாக வெயில் இறங்கித் திரையில் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுபோனார். சிஸ்டரம்மா எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்தாள். கம்பியில் ஒரு வளையம் அறுந்திருந்தது. கையை எடுத்ததும் சீலை நழுவி வெயிலை மறுபடி உள்ளே விட்டது. அவள் அதன் ஓரத்தை இழுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.