மூன்றாம் பெஞ்சைத் தாண்டாத பேச்சு

கழக ஆட்சி வந்த மூன்றாம் வருஷம், பூதலூருக்குக் கிழக்கே புதிதாகத் திறந்த கல்லூரியின் புகுமுக வகுப்பில், வசவைத் தவிர வேறு எந்தப் பேச்சும் மூன்றாம் பெஞ்சைத் தாண்டவில்லை. தொண்டையில் குறையில்லை. வரலாறு நடத்த வந்த அம்சம் கோடியக்கரைப் பக்கத்துக்காரி, கடற்காற்றுக்கு எதிரே கூப்பிட்டு வளர்ந்தவள். அவள் பேசியதெல்லாம் முன் பெஞ்சிலேயே தேங்கி நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் தலையைச் சாய்த்துத் தட்டினால்தான் காதிலிருந்து பாடம் வடியும். பின்னால் இருந்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர்கள் கேட்ட கேள்வியும் முன்னால் வந்து சேரவில்லை.

ஒன்றும் கேட்காதவன் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான்? பின் பெஞ்சுக்காரர்கள் டெஸ்க்கைத் தட்டினார்கள். வெளியே வயல்களில் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி நட்டிருந்த நேரம். "இவனுங்க அப்பனுங்க வயல்ல பண்றதை இவனுங்க இங்க பண்றானுங்க" என்றான் முன் பெஞ்சு செல்லதுரை. அது மட்டும் சுவர் வரை சுத்தமாகக் கேட்டது. கைகலப்பில் இரண்டு பெஞ்சுகள் உடைந்தன. முதல்வர் குஞ்சிதபாதம், வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டினார். "காலாண்டுப் பரீட்சைக்குள்ள அடக்குங்கம்மா. முடியலைன்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். அம்சத்தின் வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவள்தான். எந்த நாளும் கிளம்பச் சொல்லலாம் என்று, தினமும் காலையில் படுக்கையைச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள்.

பலகைக்குப் பிறகு மௌனமும் முன் பெஞ்சில் தேங்கியது. செல்லதுரை தூங்கி விழுந்தான்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஜன்னல் வழியே, மதகடியில், தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரரும் கடைசியில் எட்டும் கடைமடைக்காரரும் மண்வெட்டியோடு மல்லுக்கு நிற்பதை அம்சம் பார்த்தாள். கடைமடையில் பிறந்தும் இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் குறைந்தால் அவள் ஊரில் முறை வைப்பார்கள்: கடைமடைக்கு முதலில், தலைமடைக்குக் கடைசியில்.

மறுநாள் பலகையைக் கழற்றினாள். கடைசி பெஞ்சுக்குப் போய் ஒருமுறை, முன்னால் வந்து ஒருமுறை சொன்னாள்: "இனிமே இந்த கிளாஸ்ல முறை. முதல் பேச்சு கடைசி பெஞ்சுக்கு. ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வரக் கூடாது. வசவுக்கு முறையே கிடையாது."

"முன்னால உக்காந்தவன் கடைசியில பேசணுமா மேடம்?" என்றான் செல்லதுரை.

"ஆமாம்ப்பா. நான் உனக்கும் அப்புறம்."

கடைசி பெஞ்சு நம்பவில்லை. தன் முறை எல்லாருக்கும் அப்புறம் என்பதால் அம்சம் காத்து நின்றாள். கடைசியில் அந்த பெஞ்சிலிருந்து ரெத்தினம் எழுந்தான்.

"மேடம், ஜூன் மாசத்துலேர்ந்து என்னதான் நடத்துறீங்க?"

அந்தப் பேச்சு பெஞ்சு பெஞ்சாக ஏறி வந்து கரும்பலகையை நனைத்தது. சிலிர்த்துக்கொண்டு எழுந்த செல்லதுரை, அம்சத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். முறை ஒவ்வொரு பெஞ்சாக நகர்ந்து அவனிடம் வந்தபோது தலையைச் சொறிந்தான். "எனக்கும் ஒண்ணும் புரியலை மேடம். முதல்லேர்ந்து நடத்துங்க" என்றான். அவன் குரல் கடைசிச் சுவர் வரை போயிற்று. வகுப்பே சிரித்தது. அம்சம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பாடத்தைத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டு முதல்வர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, அடங்கிட்டானுங்களா?"

"அடங்கலை சார். கேக்குது."

மறுநாள் காலை அவள் படுக்கையைச் சுருட்டாமல் வேலைக்குப் போனாள். அந்தக் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, சாக்பீஸ் இருக்கும் அலமாரியையும், பேச்சைக் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கூரை ஒழுகுகிறது என்று அரசாங்கத்துக்குப் பல முறை மனு போயிருக்கிறது. பேச்சைப் பற்றி யாரும் மனு போடவில்லை.