மடவை மீனில் மண்ணெண்ணெய் வாடை

1961இல் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் விற்றுவந்த ஜலாலுதீனிடம் ஒருநாள் காலை பூவம்மா குழம்புச் சட்டியோடு வந்து நின்றார். எட்டு வருட வாடிக்கைக்காரர். சட்டியில் முதல்நாள் வைத்த மடவைக் குழம்பு அப்படியே இருந்தது.

"பாய், மோந்து பாருங்க. பிள்ளைங்க வாயிலயே வைக்கல."

மண்ணெண்ணெய் வாடை. உங்கள் வீட்டு அடுப்பாக இருக்கும் என்று சொல்லி ஜலாலுதீன் அனுப்பிவிட்டார். ஆனால் அந்த வாரத்திலேயே இன்னும் நான்கு பேர் அதையே சொன்னார்கள். அந்த வாரம்தான் அவருடைய மீன் முதன்முறையாக விற்காமல் தேங்கியது.

பக்கத்துக் கடை முத்துசாமிக்கும் மீன் வியாபாரம்தான். கடைக்குப் பின்னால் தேநீர் போட மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தார். தன் வாடிக்கைக்காரர்கள் இப்போது அங்கே நிற்பதை ஜலாலுதீன் கவனித்தார். ஐஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். முத்துசாமி நீட்டிய தேநீரை வேண்டாம் என்றார். பூட்டிய பிறகும் வாடை போகவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"என் ஐஸ்ல என்னத்த ஊத்துற?"

முத்துசாமி ஜலாலுதீனின் பெட்டியிலிருந்து ஒரு மடவையை எடுத்து வயிற்றைக் கீறி நீட்டினார். தோலைவிட உள்ளேதான் வாடை தூக்கலாக இருந்தது.

"நான் வெளியில ஊத்துனா, வயித்துக்குள்ள எப்படி பாய் போகும்?"

ஜலாலுதீனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியானால் மீன் தருகிற ஹமீதுதான் ஏதோ செய்கிறான் என்று நினைத்தார். பிற்பகலே பஸ் ஏறி, ஹமீது மீன்பிடிக்கும் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குப் போனார்.

ஜலாலுதீன் கேட்டதற்கு ஹமீது சண்டை போடவில்லை. அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டார். கரையோரச் சதுப்புநில மரங்களின் வேர்களெல்லாம் தார் பூசியதுபோல் கறுத்திருந்தன. வலையைத் தொட்ட கை வழுக்கியது. தூரத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு எண்ணெய்க் கப்பலின் பக்கவாட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவுகிறார்கள் என்று ஹமீது மலாயில் சொன்னார். இரண்டு முறை ஓர் அதிகாரியிடம் முறையிட்டாராம். அவரோ அது உங்கள் படகு என்ஜினின் எண்ணெய் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தப் படகுக்கு என்ஜினே கிடையாது.

மறுநாள் ஜலாலுதீன் முத்துசாமியிடம் போய்த் தப்பாகப் பேசிவிட்டதாகச் சொன்னார். முத்துசாமி சரி என்று தலையாட்டினார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள், ஆனால் வியாபாரப் பேச்சு மட்டும்தான்.

ஜலாலுதீன், முத்துசாமியைப் போலவே, மீன் எடுப்பதைக் கிழக்குக் கரையில் சாங்கி பக்கம் மாற்றிக்கொண்டார். அதை ஹமீதிடம் சொல்லப் போனபோது, அவர் வாய் திறக்கும் முன்பே ஹமீது புரிந்துகொண்டார். தான் துறைமுகத்தில் கப்பல் அடிப்பாகம் சுரண்டும் வேலைக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எந்தக் கப்பல் என்று கேட்க ஜலாலுதீனுக்கு மனம் வரவில்லை.