அடுப்படியில் கேட்ட குரல்

முதலில் சம்சாத்தின் இடது கன்னம் வீங்கியது. அரிப்பு இல்லை, சிவக்கவும் இல்லை. மூன்றாம் நாள் தானாக வடிந்தது. அடுத்த வாரம் வலது கை, பிறகு உதடு. ஐம்பத்தாறு வயதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள்.

அவள் கணவர் அப்துல் ஹலீம் விருதுநகரில் வற்றல் மொத்த வியாபாரம் செய்தார். மிளகாய் நெடிதான் காரணம் என்றார்கள் எல்லாரும். அவர் கடையிலேயே குளித்து, சட்டை மாற்றி வீட்டுக்கு வந்தார். அலர்ஜி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். வீக்கம் நிற்கவில்லை.

“உள்ள யாரோ எடம் மாத்தி மாத்திப் படுக்குற மாதிரி இருக்குங்க” என்றாள் சம்சாத்.

ஒருநாள் முகம் முழுக்க வீங்கி அவள் எதிரே வந்தபோது, அந்நியப் பெண்ணுக்கு ஒதுங்குவதுபோல் அவர் வழிவிட்டு நின்றார். அது சம்சாத் என்று பிறகுதான் உறைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து கரகரத்த குரல் ஒன்று, “ஹலீம்” என்றது.

வீட்டில் அவர்கள் இருவர்தான். முப்பது வருடத்தில் சம்சாத் அவர் பெயரைச் சொன்னதே இல்லை.

“யாரு அங்கன?”

“ஹலீம்.” இம்முறை இன்னும் தாழ்ந்து வந்தது.

அவர் எழாமல் அடுப்படி வாசலையே பார்த்தார். ஒருவழியாக உள்ளே போனபோது சம்சாத் சுவரைப் பிடித்தபடி கழுத்தைக் காட்டினாள். முகத்தில் வீக்கமே இல்லை. இந்தமுறை தொண்டைக்குள் வீங்கியிருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்ட அலர்ஜி ஊசிக்கு வீக்கம் அடங்கவில்லை. குழாய் இறக்கி மூச்சைக் காப்பாற்றி மதுரைக்கு அனுப்பினார்கள்.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஹலீம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீ பேரச் சொல்லிக் கூப்புடவும் யாரோன்னு பயந்துட்டேன்.”

சம்சாத் அவரைப் பார்த்தாள். “நான் உங்க பேரச் சொல்லலயே. ஏங்கன்னுதான கூப்புட்டேன்?”

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் ரோஷினி விளக்கினார். “இது அலர்ஜி இல்ல. வீக்கத்த அடக்கி வைக்கிற ஒரு புரதம் ரத்தத்துல உண்டு. அத உங்க உடம்பே அழிச்சிட்டிருக்கு. லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது. ஆன்டிபாடி ஊசி ஒண்ணு இருக்கு. வீக்கத்தக் கிளப்புறத அது பிடிச்சு நிறுத்திடும்.”

பதினைந்து நாளைக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசி. ஹலீமே போடக் கற்றுக்கொண்டார். ஆறு மாதம் எங்கேயும் வீங்கவில்லை.

“போயிருச்சா, டாக்டர்?” என்று கேட்டாள் சம்சாத்.

“போகல, உள்ளதான் இருக்கு. ஆனா நல்லா அடங்கியிருக்கு. இனி மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம்.”

சம்சாத் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

ஹலீம் அவளைப் பார்க்காமலே சொன்னார்: “வேணாம், டாக்டர். பதினஞ்சு நாளே இருக்கட்டும்.”