நாற்பத்தெட்டு நிமிட டிரங்க் கால்

தம்பியின் வலது கை நடுவிரல் நகத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. மரச்சாமானுக்குப் போடும் முரட்டுத் தாள் அல்ல. தொட்டால் துணி போலிருக்கும் நைசான கறுப்புத் தாள். ஒரே திசையில், ஓரத்திலிருந்து நுனிக்கு. அவன் கண்களை மூடியபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இடது பக்கம் இன்னும் ஒரு மயிரிழை இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். யாரு கண்ணுல படப்போகுது?"

"கண்ணுல படாதுக்கா. காதுல படும்."

அவள் மறுபடி தேய்த்தாள். கிட்டாரைத் தொட்டு ஐந்து வாரமாகிறது. இருந்தாலும் நகம் நகம்தான். காலையில் வந்த நர்ஸ், நாடி பார்க்க விரலில் மாட்டும் கருவிக்கு இடைஞ்சல் என்று நகவெட்டியை எடுத்தபோது அக்கா குறுக்கே கையை நீட்டிவிட்டாள். இடது கை தந்தியை அழுத்துகிற கை, அதில் நகம் இருக்கக் கூடாது. வலது கை மீட்டுகிற கை, அதில் நகம் போனால் நாதம் போச்சு என்று பொறுமையாக விளக்கினாள். நர்ஸ் சிரித்துவிட்டுக் கருவியை இடது கையில் மாட்டினாள். பிறகு கூடத்தில் தம்பியின் மகளிடம், இன்றோ நாளையோ என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். தாழ்ந்த குரலெல்லாம் அக்காவிடம் பலிக்காது. முப்பத்திநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மற்றவர்களின் குரலைக் கேட்டே பிழைத்தவள்.

தம்பிக்கு வயது எழுபத்தொன்று, இவளுக்கு எழுபத்தைந்து. அவன் மனைவி இறந்தபின் இவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். இதயம் களைத்துவிட்டது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். வலி இல்லை. தூக்கம்தான் அதிகம்.

அவன் கிட்டாருக்கு வந்தது ஒரு விபத்துதான். சின்ன வயதில் அவர்கள் குடியிருந்த வீட்டில் முன்பு இருந்தவர், பரணில் ஒரு கிட்டாரைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆறு தந்தியில் மூன்றுதான் மிச்சம். மீதிக்கு அக்கா தூண்டில் நைலான் வாங்கி வந்து கட்டிக் கொடுத்தாள். மீன் பிடிக்கிற நூலில் ஒரு பையன் பாட்டுப் பிடித்தான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பத்தொன்பது வயதில் இசைக்கல்லூரி. இருபத்திநாலில் முதல் தனிக் கச்சேரி. அது மைக் இல்லாத இசை. காலடியில் ஒரு சின்னப் பலகை, ஒரு நாற்காலி, ஆறு தந்தி, அவ்வளவுதான். யாராவது மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் கடைசி வரிசைவரை கேட்கும்.

இருபத்தேழு வயதில் கடல் தாண்டி ஒரு பெரிய அரங்கத்துக்கு அழைத்தார்கள். திரும்பி வந்ததும் வாசலிலேயே, "அக்கா, ஒரு தப்பு கூட இல்ல," என்றான். அந்த ஊர்ப் பத்திரிகையும் 'பிழையற்ற மாலை' என்று எழுதியிருந்தது. அந்தத் துண்டு சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது.

அப்புறம் பதினான்கு வருஷம் நன்றாக ஓடியது. நாற்பத்தோராவது வயதில் இடது கை மோதிர விரல் தானாக உள்ளே மடங்க ஆரம்பித்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. சட்டை பட்டன் போடும், தேங்காய் உடைக்கும், கிட்டாரில் வைத்தால் மட்டும் மடங்கும். மருத்துவர்கள் அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்தார்கள், மருந்து வைக்கவில்லை. பெரிய மேடைகள் நின்றன. ஒரு வருஷம் அவன் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், எல்லா உருப்படிகளையும் மூன்று விரலுக்கு மாற்றி எழுத உட்கார்ந்தான். எழுத எழுத முகம் தெளிந்தது. இன்னொரு கிட்டார்க்காரரோடு ஜோடி சேர்ந்து நூலகங்களிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் வாசித்தான். அந்த ஜோடிக்காரருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். தாளம் இம்மி பிசகாது. ஆனால் கச்சேரிக்கு நேரத்துக்கு வந்ததே கிடையாது.

நடுவிரலை முடித்து மோதிர விரலைப் பிடித்தபோது தம்பி கண்ணைத் திறந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. பொண்ணுகிட்டச் சொல்லிடாத."

"சொல்லு."

"அந்தப் பெரிய கச்சேரியில நான் ஒரு தப்பு பண்ணேன்."

உப்புத்தாள் நின்றது.

பத்திரிகைக்காரனுக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை என்றான். ஊர் வந்த சந்தோஷத்தில் வாய் தவறி ஒரு பொய் சொன்னானாம். விரல் மடங்கிய பிறகு எல்லோரும் அதையே சொல்லி அவனைத் தேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாளாவது பிழையில்லாமல் வாசித்தாயே, அது போதாதா என்று. அதற்குமேல் எப்படித் திருத்துவது?

"நாப்பத்துநாலு வருஷமா வாய் கூசுது."

அக்கா நகத்தூளை ஊதிவிட்டு உப்புத்தாளை மடித்து மடியில் வைத்தாள்.

"தெரியும்டா. மூணாவது உருப்படி. வேகமா கீழ இறங்கி வர்ற இடம். ஒரு சுரத்த முழுங்கிட்ட."

தம்பி அவளையே பார்த்தான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டேன்."

அவள் சொன்னாள். அந்த நாட்டு எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண், முகம் பார்த்ததில்லை, லைனில் மட்டும் ஆறு வருஷப் பழக்கம். தம்பி அங்கே வாசிக்கிறான் என்று இவள் சொன்னதும் அந்தப் பெண் அரங்கத்துக்குப் போன் போட்டு, மேடை ஆளைப் பிடித்து, ரிசீவரை எடுத்து மேடை ஓரமாகத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டாள். அங்கே மாலை, இங்கே பட்டப்பகல், வேலை நேரம். ஒரு பக்கம் இவள், ஒரு பக்கம் அவள், நடுவில் கடல். நாற்பத்தெட்டு நிமிஷம். மறுநாள் சூப்பர்வைசர் பதிவேட்டைப் பார்த்துவிட்டார். வெளியூர் கால் போடும் டிரங்க் போர்டிலிருந்து தூக்கி, நம்பர் விசாரிக்கிற மேஜையில் பதினொரு மாதம் உட்கார வைத்தார்கள். ஹெட்போன் தலைவலி தருகிறது, நானேதான் கேட்டு மாறினேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டேன்னு சொன்னா, எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. உங்கிட்டப் பொய் சொல்ல எனக்கு வராது. நீ வாசல்லயே தப்பில்லன்னுட்ட."

தம்பியின் வயிறு லேசாகக் குலுங்கியது. அழுகிறானோ என்று குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேடை ஓரத்துல ஒரு ரிசீவர் ஸ்டூல் மேல மல்லாந்து கிடந்துச்சுக்கா. கொர்ருன்னு ஒரே இரைச்சல். எடுத்து ஒழுங்கா வைக்கலாம்னு ரெண்டடி போனேன். அதுக்குள்ள மேடைக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"வெச்சிருந்தா உன் தோலை உரிச்சிருப்பேன்."

சிரிப்பு இருமலானது. மகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். என்ன அத்தை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அவள் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அக்கா சுண்டுவிரல் பக்கம் வந்தாள். மீட்டுவதற்குச் சுண்டுவிரல் வேண்டாம். ஆனாலும் அதையும் தேய்த்தாள்.

"அந்த ஒரு சுரத்த விடு," என்றான் தம்பி. "மத்தபடி எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். அவன் காத்திருந்தான்.

"லைன்ல இரைச்சல் ஜாஸ்தி. பாதி சரியாக் கேக்கல. ஆனா முடிஞ்சப்புறம் அவளும் லைனை வெட்டல, நானும் வெட்டல. ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தோம்."

தம்பி தலையை ஆட்டினான். ஒரு கணக்கு சரியாக வந்த மாதிரி. கொஞ்சம் டீ குடிக்கலாம் போலிருக்கிறது என்றான். அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் வைத்தாள், இஞ்சி தட்டிப் போட்டாள், அவனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகக் கலந்தாள். திரும்பி வந்தபோது அவன் முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை அஞ்சலி மண்டபத்துக்கு ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். பாட்டு எதுவும் வேண்டாம், மண்டபக் குளிரில் தந்தி சுருதி விலகிவிடும், என்னை அபசுரத்தில் அனுப்பாதீர்கள் என்று அவன் முன்பே எழுதி வைத்திருந்தான். அதனால் கிட்டார்க்காரர்கள் வெறுங்கையோடு வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து முதல் வரிசையில் இருந்தார். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு முதலில் கண் கலங்கியது.

அவர் எழுந்து நான்கு வார்த்தை பேசினார். மூன்று விரலை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் தன்னைத் திணறடித்தவன் என்றார். தன்னிடம் இருப்பது ஐந்து விரலும் பத்து சாக்குப்போக்கும் என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு, "ஒரு கச்சேரியில ஒரு தப்பு கூட இல்லாம வாசிச்ச மனுஷன் எங்கள்ல இவன் ஒருத்தன்தான்," என்றார்.

எல்லோரும் தலையசைத்தார்கள். அக்காவும் அசைத்தாள். பக்கத்தில் இருந்த மகள் அவள் முகத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அக்கா புடவை நுனியைச் சரி செய்துகொண்டாள்.

மகள் நான்கு நாள் இருந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கூடவே வந்துவிடுங்கள் என்று அத்தையை அழைத்தாள். பார்க்கலாம், மழை விடட்டும் என்றாள் அக்கா.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவள் மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். வீடு அமைதியாக இருந்தது. பட்டாணி பாத்திரத்தில் விழுகிற சத்தம்கூட அதிகமாகக் கேட்டது. மாடி வீட்டில் நடமாட்டம் தெரிந்தது. செருப்பு, பிறகு ஒரு வாளி, பிறகு ஒன்றுமில்லை. உரித்து முடித்தாள். தோலைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்தாள்.

சுவரில் மணி பதினொன்று ஆனது. ஒரு நிமிஷம் கழித்து, வழக்கம்போல, மாடி வீட்டுக்காரம்மாவின் வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்தது. கூரை லேசாக அதிர்ந்தது. படுக்கையில் விழும்வரை தம்பி தினமும் பத்திலிருந்து பதினொன்றுவரை வாசிப்பான். அந்த ஒரு மணி நேரம் மெஷினைப் போடாதீர்கள் என்று இந்த வீட்டிலிருந்து யாரும் போய்ச் சொன்னதில்லை.

அக்கா எழுந்து பட்டாணியைக் கழுவினாள்.