ஆண்டாள் கொண்டுவந்த கம்பி

ஆண்டாள் மேஜைமேல் வைத்த கம்பியைப் பார்த்ததும் செலினா டீச்சர் முதலில் செய்த காரியம், வகுப்பின் கதவை ஒருக்களித்ததுதான்.

நாலாம் வகுப்பில் அன்றைக்குப் பதினோரு பிள்ளைகள்தான். மின்சுற்றுப் பாடம். மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அதனால் அவரவர் வீட்டில் கிடப்பதை எடுத்து வரச் சொல்லியிருந்தாள். பாதி தீர்ந்த பேட்டரிக் கட்டைகள், டார்ச் பல்பு, ஊக்கு, சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள், சைக்கிள் டைனமோவிலிருந்து பிடுங்கிய ஒயர் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஆண்டாளின் கம்பி மட்டும் வேறு ஜாதி. மேலே உறை இல்லை. ஒரு முழம் இருக்கும், நல்ல கனம், அசல் செம்பு. உடம்பெல்லாம் கறுத்துப்போய், வெட்டுப்பட்ட முனை மட்டும் புதிதாக மின்னியது.

வடக்கனந்தல் தபாலாபீஸில் போன் செத்து நாலு நாளாகிறது. இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் முழுக்கச் சாலை மறியல். எண்பத்தேழு செப்டம்பர். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன, பஸ் இல்லை. டெலிபோன் கம்பியை எங்கோ அறுத்துவிட்டார்கள் என்றும், அறுத்தவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடுகிறது என்றும் பேச்சு. ஆண்டாளின் அப்பா கொளஞ்சியப்பன் கையில் கோடாலியோடு ரோட்டில் நின்றதைச் செலினாவே பார்த்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் அவளை வழியில் நிறுத்தியிருந்தான். கம்பியும் கட்டையும் பிள்ளைகளிடம் எதற்குக் கேட்கிறீர்கள் என்றான். பாடம் என்றாள். நம்பவில்லை. புத்தகத்தை வாங்கிப் பல்பு படத்தைப் பார்த்தான், முன்னால் திருப்பி அச்சடித்த வருஷத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

"பாடத்துல கீது, சரி. ஆனா டீச்சர், இந்த வாரம் பார்த்துத்தானா இந்தப் பாடம்? எந்த வூட்ல இன்னா கம்பி கீதுன்னு யாரு பாத்துக்கினு வரச் சொன்னது?"

அவளுக்கு மணலூர்பேட்டைப் பக்கம். பாடம் எடுக்கும் இந்த ஊரில் சொந்தமும் இல்லை, ஜாதியும் இல்லை, கோயிலும் இல்லை. மூன்று வருஷமாக இங்கேயே இருந்தும் இன்னும் வெளியூர் டீச்சர்தான். இரவெல்லாம் அவன் கேள்வி உறுத்தியது. காலையில் பார்த்தால் அவன் மகளே இருப்பதிலேயே கனமான கம்பியோடு வந்து நிற்கிறாள். ஆழம் பார்க்கிறானா? நான் போலீஸிடம் போகிறேனா என்று தூண்டில் போடுகிறானா? அல்லது பெரியவர்கள் ஒளித்து வைத்ததை இந்தப் பெண் அறியாமல் எடுத்து வந்துவிட்டதா?

"ஏது ஆண்டாள் இது?"

"அப்பாதான் வெட்டிக் குடுத்துச்சு டீச்சர்."

அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கம்பியைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் தள்ளினாள்.

டைனமோ ஒயரை வைத்துச் சுற்றை முடித்தார்கள். இரண்டு கட்டை, ஒரு பல்பு, ஸ்விட்சுக்கு ஊக்கு. ஊக்கை அழுத்தியபோது பல்பு மஞ்சளாக ஒரு மூச்சு விட்டு எரிந்தது. பிள்ளைகள் மேஜைமேல் ஏறாத குறை. அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஏட்டு வந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். மரங்களைத் தாண்டி நடந்தே வந்திருக்க வேண்டும், பூட்ஸெல்லாம் சேறு.

"இஸ்கூல்ல பேட்டரி சேக்கறாங்கன்னு சொன்னாங்க. இன்னா டீச்சரம்மா, குண்டு கிண்டு செய்யக் கத்துக் குடுக்கறீங்களா?"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். செலினா சிரிக்காமல் புத்தகத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. குனிந்து தானே ஊக்கை அழுத்தினார். எரிந்தது. விட்டார், அணைந்தது. இன்னொரு முறை அழுத்தினார். முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. சரி என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"டீச்சர், என் கம்பிய வெக்கவே இல்ல," என்றாள் ஆண்டாள்.

ஏட்டு நின்றார். எந்தக் கம்பி என்று கேட்டார். ஆண்டாளின் கண் சாப்பாட்டுப் பைக்குப் போனது. அவர் கண்ணும் போனது. செலினா தானே எடுத்துக் கொடுத்தாள். அவர் அந்த மின்னும் முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"என்னுது சார்," என்றாள் செலினா. "நான்தான் வாங்கினேன். இவ கையில கொடுத்து வெச்சிருந்தேன்."

"எங்க வாங்கினீங்க?"

"கள்ளக்குறிச்சில. போன மாசம்."

"உங்க கம்பின்னா பாடத்துக்கு வெக்காம சோத்துப் பையில எதுக்கு கீது?"

ஏட்டு கம்பியை வளைத்து ஒரு கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து, எந்தக் கடை, என்ன தேதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் போனதும் ஆண்டாள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. தன் பொருளை டீச்சர் தன்னுடையது என்று சொல்லிவிட்டார்களே என்ற குழப்பம்தான் முகத்தில் இருந்தது.

"அது எங்க வூட்டு கொடிக்கம்பி டீச்சர். அம்மா பொடவ காயப்போடறது."

செலினா பள்ளியை முன்னதாகவே விட்டுவிட்டு ஆண்டாளோடு நடந்தாள். கொளஞ்சியப்பனுக்குச் செய்தி ஏற்கெனவே போயிருந்தது. வாசலில் நின்றிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"ஒளிக்க ஒண்ணும் இல்லன்னு காட்டத்தான் டீச்சர் கொடிக்கம்பிய வெட்டிக் குடுத்தனுப்புனேன். மோட்டார் கொட்டாய்ல கெடந்தது, ஆறு வருசமா இங்கதான் கட்டிக் கீது. அந்த ஏட்டு இங்க வந்து கேட்டிருந்தா மீதிய காட்டியிருப்பேன். போயிருப்பான்." மகளை உள்ளே போகச் சொன்னான். அவள் போகும்வரை காத்திருந்தான். "நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க? நான் அறுத்தேன்னு நெனச்சிட்டீங்க. அப்பிடித்தான?"

காப்பாற்றத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தைக்குள்ளேயே அவன் கேட்டதற்குப் பதில் இருந்தது. விழுங்கிக்கொண்டாள். நாளைக்குப் பத்து மணிக்கு இல்லாத கடைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அல்லது இவன் பெயரைச் சொல்ல வேண்டும். உண்மையையே சொன்னாலும், ஒளித்து வைத்த கம்பியை இனி யார் கொடிக்கம்பி என்று நம்புவார்கள்?

மீதிக் கம்பி எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஆனால் கண் கேட்டுவிட்டது. வாசலோரப் புங்கமரத்திலிருந்து கொட்டகைக் கால்வரை கொடி இருந்தது. கம்பி அல்ல. புத்தம்புதுத் தேங்காய்நார்க் கயிறு, மஞ்சள் நிறம் மாறாதது. ஆறு வருஷம் கம்பி கட்டியிருந்தால் மரப்பட்டையில் ஒரு வடு பதிந்திருக்கும். அவள் பார்வை கயிற்றின் வழியே மரத்தை நோக்கி நகர்வதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கயிற்றில் ஒரு நீலப் புடவை, பிழிந்தும் பிழியாமலும், சொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. புடவை எழும்பிப் போய், முடிச்சு இருந்த இடத்தை மூடி மரத்தோடு ஈரமாக ஒட்டிக்கொண்டது.